ஓடாமல் நின்ற பதினொரு பேர்

கிண்ணியா
20.09.1979

1979 செப்டெம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் 5 மணி 21 நிமிடம். விசில் மூன்று, மூன்றும் குறுகல்.

முதலாளி ஸஹாப்தீன் அவர்களுக்கு,

நேரம் பிழைக்காது. கைக்கடிகாரத்தைக் கோல் வலையில் கட்டியிருந்தேன். ஆட்டத்தைப் பார்க்கிறாயா மணியைப் பார்க்கிறாயா என்று நீங்களே எத்தனை முறை ஏசியிருக்கிறீர்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் படத்துக்காக நங்கூரம் கழகத்துப் பதினொரு பேரையும் ஒன்பது நாள் பழக்கினீர்கள். உங்கள் ஆள் ஹிஸ்புல்லா கோட்டுக்கு வெளியே நிற்பார். அவர் மூன்று குறுகல் விசில் ஊதினால் நாங்கள் நின்ற இடத்தில் நின்ற மாதிரியே நிற்க வேண்டும். கமராவை வேறு இடத்தில் வைப்பார்கள். பிறகு அதே இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். மூன்றாம் நாள் முஸம்மில் மூக்கைச் சொறிந்துவிட்டான் என்று முழு ஷொட்டையும் திரும்ப எடுத்தீர்கள். ஒன்பதாம் நாள் எங்களுக்கு யோசனையே தேவைப்படவில்லை. விசில் காதில் விழுந்தால் கால் தானாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு இல்லை. உண்மையான இறுதி ஆட்டம். சனத்தோடு சேர்த்துப் படம் பிடிக்க லீக் உங்களுக்கு அனுமதி தந்தது. ஒரே நிபந்தனை: படக்காரர் சத்தம் போடக்கூடாது, போட்டால் அன்று எடுத்ததைப் பாவிக்க ஏலாது. அன்று விசில் வராது என்று எங்களுக்கும் வாக்குத் தந்தீர்கள்.

எழுபத்தோராவது நிமிடம், கோல் இல்லை, சிவப்புச் சட்டைக்காரன் வலது பக்கத்தால் வருகிறான். விசில் மூன்று. நாங்கள் பதினொரு பேரும் நின்றோம். சிவப்பு அணிக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவர்கள் ஓடினார்கள். பந்து கீப்பரான என் முழங்காலுக்குப் பக்கத்தால் உருண்டு போனது. நான் குனியவும் இல்லை.

மத்தியஸ்தர் ஊதவில்லை. கோல் செல்லும். அதோடு எனக்குச் சண்டை இல்லை. நான் விலைபோனேன் என்று ஊர் சொல்கிறது, அதுதான் பிரச்சினை. ஒக்டோபர் 6ஆம் திகதி லீக் விசாரணை. ஒரு வரி எழுதித் தாருங்கள்: விசில் எங்கள் ஆள் ஊதியது. உங்கள் கையெழுத்து, திகதி. அவ்வளவு போதும்.

ஜவாஹிர்


786
கொழும்பு
29.09.1979

அன்புள்ள தம்பி ஜவாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது, நீ வேலை செய்கிற இழுவைப் படகின் எஞ்சினுக்கு எழுதிய ரிப்போர்ட். சுகமா என்று ஒரு சொல் இல்லை. டெக்னிக்கல் கொலிஜில் இரண்டு வருடம் படித்தால் மனுசனுக்கு மனுசன் கதைக்கிற கதை மறந்துபோகுமா?

நான் சுகம். தலைக்குள் மட்டும் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் எடிட்டிங், பின்னேரம் டப்பிங். பாட்டுக்காரன் ஒரு பக்கம், பைனான்ஸ்காரன் ஒரு பக்கம்.

தம்பி, உனக்கு என்னைத் தெரியாது, உன் வாப்பாவுக்குத் தெரியும். சுதந்திரம் கிடைத்த வருடம் எனக்கு இருபது வயது. வெள்ளைக்காரக் கப்பல்களுக்கு வள்ளத்தில் ஐஸும் மரக்கறியும் கொண்டுபோவேன். உன் வாப்பா பக்கீர் காக்கா துடுப்பு, நான் கணக்கு. ஐம்பத்தேழில் நேவிக்காரன் போனான். துறைமுகம் வெறிச்சோடிப்போனது. அவன் விட்டுப்போனதில் இரண்டு சாமான் நான் எடுத்தேன். ஒன்று, கன்டீனில் கிடந்த படம் காட்டுகிற மெஷின். மற்றது ஒரு சாக்கு நிறைய பூட்ஸ். எல்லாம் பதினோராம் நம்பர். துணி அடைத்துப் போட்டுக்கொண்டு வேலையில்லாத பொடியன்கள் ஓடினார்கள். அதுதான் நங்கூரம் கழகம். மெஷின்தான் என் சினிமா. இரண்டும் ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள்.

முதல் படம் ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் தியேட்டர்காரன் எனக்குத் தேத்தண்ணி கூடத் தரவில்லை. பத்து வருடம் பொறுத்தேன். இது இரண்டாவது. மூன்றாவது என்று ஒன்று எனக்கு இல்லை.

ஆகவே கொஞ்சம் பொறு. டப்பிங் முடியட்டும். நான் இருக்கும்போது உனக்கு யார் என்ன செய்வான்? விசாரணைக்கு ஹிஸ்புல்லாவை அனுப்புகிறேன், அவன் பார்த்துக்கொள்வான்.

வாப்பாவுக்கு என் ஸலாம்.

ஸஹாப்தீன்


கிண்ணியா
07.10.1979

முதலாளிக்கு,

ஹிஸ்புல்லா பார்த்துக்கொண்டார். எப்படி என்று கேளுங்கள்.

காலை முதல் பாதைப் படகில் ஏறித் துறையைக் கடந்து டவுனுக்குப் போனேன். லீக் அறையில் நீள மேசை, ஏழு பேர்.

தலைவர் கேட்டார்: "தம்பி, மத்தியஸ்தர் விசில் ஊதினவரா?"

"இல்லை."

"அப்ப ஏன் நின்றனீர்?"

"விசில் கேட்டது."

"ஆர் ஊதினது?"

"இதோ இருக்கிறார்" என்று ஹிஸ்புல்லாவைக் காட்டினேன்.

அவர் எழும்பினார். "நானா? அன்டைக்கு என்ட வாயில விசில் எங்க இருந்தது? வெத்திலைதான் இருந்தது." எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார்.

மற்றப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். விசில் கேட்ட மாதிரியும் இருந்ததாம், கேளாத மாதிரியும் இருந்ததாம். பத்துப் பேருக்கும் ஒரே வசனம். முஸம்மிலுக்கு அடுத்த மாதம் துறைமுகத்தில் வேலைக்குப் பெயர் பதிய உங்கள் கடிதம் வேண்டும், எனக்குத் தெரியும். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முடிவு: பத்துப் பேருக்கு எச்சரிக்கை. எனக்கு ஆயுள் தடை.

வீட்டில் வாப்பா ஒன்று மட்டும் கேட்டார்: "முதலாளிட ஆள் என்ன சொன்னார்?" சொன்னேன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "முதலாளிட ஆக்கள் பொய் சொல்லமாட்டாங்க" என்றார். இருபத்திரண்டு வருடம் உங்கள் வள்ளத்தில் இருந்தவர். காசு எடுத்தியா என்று என்னிடம் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவேயில்லை. அதற்குப் பிறகு ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம், கதை இல்லை.

ஒரு எஞ்சின் நின்றால் காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும். அன்று கமராவோடு ஒலிப்பதிவு மெஷினும் ஓடியது. நான்தான் அதற்கு பெட்டரி வயர் பூட்டித் தந்தேன். அந்த நாடாவில் மூன்று விசிலும் இருக்கும். நாடாவை அனுப்புங்கள், அல்லது லீக்குக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஜவாஹிர்


786
கொழும்பு
19.10.1979

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தடை என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹிஸ்புல்லாவைக் கூப்பிட்டு ஏசினேன். பயந்து உளறிவிட்டானாம். மாட்டை வண்டிக்குப் பின்னால் கட்டுகிறவன் அவன்.

நாடாவைப் பற்றிக் கேட்டாய். அதில் பாட்டுப் பதிந்துவிட்டார்கள். ஸ்டூடியோவில் நாடாவுக்குத் தட்டுப்பாடு, யாரைக் குற்றம் சொல்ல?

ஆனால் கேள், மகன். லீக்கின் நிபந்தனை உனக்குத் தெரியும். இன்றைக்கு நான் ஒரு வரி எழுதினால் அந்த ஆட்டத்தில் எடுத்த ஒரு அடி பிலிமும் பாவிக்க ஏலாது. படம் செத்தது. படம் வந்துவிட்டால் பிறகு யாரும் அதைப் பெட்டிக்குள் போட ஏலாது. படம் வெளிவந்த அடுத்த நாள் நானே டவுனுக்கு வந்து, லீக் மேசையில் இருந்து, என் கையால் எழுதித் தருவேன். அல்லாஹ் சாட்சி.

இத்தோடு ஒரு கடதாசி வைத்திருக்கிறேன். படத்தில் முகம் தெரிகிறவர்களிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்று இங்கே வக்கீல் நிற்கிறார். மற்றப் பத்துப் பேரும் போட்டுவிட்டார்கள். நீயும் போட்டு அனுப்பு. வாசிக்க ஒன்றுமில்லை, எல்லாம் வக்கீல் பாஷை.

வாப்பாவிடம் சொல், ஸஹாப்தீன் கேட்டான் என்று.

ஸஹாப்தீன்


கிண்ணியா
27.10.1979

முதலாளிக்கு,

கையெழுத்துப் போட்டு இத்தோடு அனுப்புகிறேன். எனக்கு விருப்பமில்லை. உங்கள் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் குர்ஆன் ஓதுவார், தமிழ் எழுத்துத் தெரியாது. "முதலாளி கேட்டா போடு" என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அது. அதற்காகப் போட்டேன்.

படம் வந்த அடுத்த நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை எண்ணுவேன்.

ஜவாஹிர்


கிண்ணியா
25.03.1980

ஸஹாப்தீன் அவர்களுக்கு,

மார்ச் 21, வெள்ளிக்கிழமை, ‘கம்பத்துக்கு நடுவே’ டவுனுக்கு வந்தது. இன்று செவ்வாய். நாலு நாளாயிற்று. நீங்கள் வரவில்லை.

நான் சனிக்கிழமை இரண்டரைக் காட்சிக்குப் போனேன். கலரியில் இடமில்லை, ஓரத்தில் நின்றேன். கதாநாயகன் சிவப்புச் சட்டை, எதிரி அணி எங்கள் நீலச் சட்டை, அது எனக்கு முதலே தெரியும். நாங்கள் தோற்பதுதான் கதை, அதுவும் தெரியும். நல்ல கீப்பர், அவனையும் தாண்டிக் கோல் போடுகிறான் கதாநாயகன் என்றுதான் ஒன்பது நாளும் எங்களுக்குச் சொன்னீர்கள்.

திரையில் நான் வருகிறேன். பயிற்சியில் நான் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டியதை எடுத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் ஒரு கை நோட்டுக் கட்டை நீட்டுகிறது. பிறகு என் முகம். பிறகு எவனோ ஒருவனுடைய குரல் என் வாயால் சொல்கிறது: "பந்து வரும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்." அதற்குப் பிறகு அந்த ஷொட். நான் நிற்கிறேன். பந்து போகிறது. நான் குனியவும் இல்லை.

எனக்கு முன்னால் இருந்தவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "பாரன், நடிப்பே இல்லை. உள்ளதைத்தான் எடுத்திருக்கிறாங்கள்." கலரி முழுக்க ஊளை. விளக்குப் போட்டதும் ஒரு கிழவன் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். துப்பவில்லை. வழிவிட்டார். முழு வாசலும் எனக்கு வழிவிட்டது.

ஊர் செப்டெம்பரில் சந்தேகப்பட்டது. இப்போது கண்ணால் பார்த்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்ட கடதாசியைப் பிறகுதான் ஒரு நொத்தாரிசிடம் விசாரித்தேன். என் உருவத்தை எந்தப் பாத்திரத்துக்கும் பாவிக்கலாம் என்று இருக்கிறதாம். வக்கீல் பாஷை.

தியேட்டர் ஒப்பரேட்டர் தம்பிராசா அண்ணன் என்னோடு வேலை பழகியவர். நேற்றுக் காலை காட்சி தொடங்குமுன் அந்த ரீலை மேசையில் போட்டுத் தந்தார். பூதக்கண்ணாடியால் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். அந்த ஷொட் 62 கட்டம். வினாடிக்கு 24. இரண்டரை வினாடிக்குக் கொஞ்சம் மேல். ஒலியில் விசிலை எடுத்துவிட்டுச் சனத்தின் கூச்சலைப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் 9ஆவது கட்டத்திலிருந்து 17 வரை இடது ஓரத்தில் ஹிஸ்புல்லா நிற்கிறார். கன்னம் ஊதி இருக்கிறது. வாயில் வெற்றிலை இல்லை.

வெட்டி எடுக்க நினைத்தேன். வெட்டவில்லை. வெட்டினால் தம்பிராசா அண்ணனின் வேலை போகும். லீக்காரரை அங்கே கூட்டிப்போகப் போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஹிஸ்புல்லா மறந்துபோய் ஊதினாரா, சொல்லி ஊதினாரா?

ஜவாஹிர்


786
கொழும்பு
02.04.1980

ஜவாஹிர்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கேட்டாய், சொல்கிறேன். கன்னம் ஊதியதைக் காட்டினால் லீக்காரன் சிரிப்பான், கொட்டாவி என்பான். அதற்குப் பயந்து எழுதவில்லை. ஏழு மாதமாக உனக்கு எழுதின ஒவ்வொரு கடிதமும் எனக்கே கைத்தது. அதனால் எழுதுகிறேன்.

நான்தான் சொன்னேன். கைலேஞ்சியை எடுத்து முகம் துடைத்தேன், அதுதான் சைகை.

உனக்கு விளங்குமா தெரியாது. எழுபது நிமிடம், கோல் இல்லை. சிவப்புக்காரன் ஆறு தரம் அடித்தான், ஆறையும் பிடித்தாய். ஒவ்வொரு தரமும் சனம் கத்தியது, நானும் கத்தினேன், கத்திக்கொண்டே என் படம் கரைவதைப் பார்த்தேன். வெளிச்சம் இறங்குகிறது. கமராவில் நூற்றிருபது அடி மிச்சம், ஒரு நிமிடமும் கொஞ்சமும். வேறு பிலிம் இல்லை. அவ்வளவு சனத்தை நான் எந்தக் காலத்தில் திரும்பக் கூட்டுவேன்? எனக்கு ஒரு கோல் வேண்டும். உனக்குக் கோல் அடிக்க அந்த மைதானத்தில் ஆள் இல்லை. நீ கொஞ்சம் மோசமான கீப்பராக இருந்திருந்தால் இது ஒன்றும் நடந்திருக்காது.

ஒரு தடுமாற்றம், அரை அடி, பிந்திப் பாய்வாய், பந்து போய்விடும் என்று நினைத்தேன். நீ பாயவேயில்லை. பதினொரு பேரும் மரம் மாதிரி நின்றீர்கள். அவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டேன். எடிட்டிங்கில் பார்த்த டைரக்டர் சொன்னான், இந்தக் கீப்பர் விலைபோனவன் மாதிரி நிற்கிறான், கதையை மாற்றினால்தான் நிற்கும் என்று. மாற்றினோம். இன்றைக்குப் பன்னிரண்டு ஊரில் ஓடுகிறது.

லீக்கின் சட்டம் உனக்குத் தெரியும். முதலாளி ஆட்டத்தைக் கெடுத்தான் என்று தெரிந்தால் நங்கூரம் ஐந்து வருடம் லீக்கில் இல்லை. பத்துப் பேர் தெருவில். துறைமுகத்தில் பெயர் பதியப்போனால் நங்கூரம் என்ற பெயருக்குத்தான் கதவு திறக்கிறது. ஆகவே வாசித்துவிட்டு இதைக் கிழித்துப்போடு. கொழும்பில் எனக்குத் தெரிந்த கழகம் ஒன்று இருக்கிறது. இங்கே உன்னை யாருக்கும் தெரியாது. வந்து விளையாடு, ஒர்க்ஷொப் வேலையும் எடுத்துத் தருகிறேன்.

மற்றது, பக்கீர் காக்காவுக்கு இது தெரிய வேண்டாம். என்னைப் பற்றி நல்லதாக நினைக்கிற ஆட்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். இருபத்திரண்டு வருடம் அவர் துடுப்பை நம்பி இருந்தேன். அவர் முகம் மாறுவதை நான் பார்க்க விரும்பவில்லை.

ஸஹாப்தீன்


கிண்ணியா
10.04.1980

ஸஹாப்தீன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு முறை வாசித்தேன். முதல் மூன்று முறையும் கோபம். நாலாவது முறை, ஆறு பந்து பிடித்தேன் என்று நீங்கள் எண்ணி வைத்திருந்ததைப் பார்த்தேன். அதுதான் கூடச் சுட்டது. தெரியாமல் செய்யவில்லை நீங்கள்.

வாப்பாவின் முகம் மாறுவதைப் பார்க்க உங்களுக்கு விருப்பமில்லை. நான் ஏழு மாதமாகப் பார்க்கிறேன். உங்களைப் பற்றி அவர் நல்லதாக நினைக்க வேண்டுமென்றால் என்னைப் பற்றிக் கெட்டதாக நினைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு இடம் இல்லை. உங்களுக்கு அது தெரியும், தெரிந்துதான் அந்த வரியை எழுதினீர்கள்.

நேற்றுப் பின்னேரம் பத்துப் பேரையும் மைதானத்தில் இருத்தி உங்கள் கடிதத்தை வாசித்தேன். நாளை முடியும் வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டேன். ஏழு பேர் லீக்குக்குக் கொடு என்றார்கள். மூன்று பேர் கொடாதே என்றார்கள். முஸம்மில் கொடாதே என்றவன். "ஒனக்குப் பேர் போச்சு மச்சான், எனக்குச் சோறு போகும். ரெண்டும் ஒன்டா?" என்று கேட்டான்.   ஆனாலும் கொடுப்பேன்.

கொழும்பில் என்னை யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். படம் அங்கேயும் ஓடுகிறது.

இனி நான் செய்யப்போவது:

1. சனிக்கிழமை, 12ஆம் திகதி, காலை முதல் பாதையில் டவுனுக்குப் போவேன். உங்கள் கடிதத்தின் மூலப்பிரதியை லீக் செயலாளரின் கையில் கொடுத்து, கிடைத்தது என்று எழுதி வாங்குவேன். ஒரு சமாதான நீதவான் கையெழுத்து வைத்த நகல் என்னிடம் இருக்கும்.

2. பத்து மணிக்குத் தம்பிராசா அண்ணனின் அறையில் அந்த ரீலை லீக்காரருக்குக் காட்டுவேன். 9 முதல் 17.

3. தடையை எடுத்தாலும் நங்கூரத்தின் சட்டை போடமாட்டேன். உங்கள் ஜேர்சி, கையுறை, பூட்ஸ் மூன்றும் துவைத்துக் கழகத்து அலுமாரியில் வைத்தாயிற்று.

4. கழகத்தை நிறுத்தினால் கொடாதே என்ற மூன்று பேரின் வீட்டுக்கும் நானே போய், நான்தான் செய்தேன் என்று சொல்வேன். முஸம்மிலுக்காக எங்கள் இழுவைப் படகுப் போர்மனிடம் கேட்பேன். கிடைக்கும் என்று சொல்லமாட்டேன்.

5. உங்களுக்கு இனி எழுதமாட்டேன்.

6. நாளை ஜும்ஆ முடிந்து வந்ததும் உங்கள் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். ஒரு சொல்லும் விடாமல், கடைசியில் அவரைப் பற்றி எழுதியதையும் சேர்த்து. நாள் வரிசைப்படி இதுதான் முதலாவது. எழுதக் கை வராதபடியால் ஆறாவதாக வந்திருக்கிறது.

7. அதைக் கேட்ட பிறகும் அவர் முதலாளி பொய் சொல்லமாட்டார் என்று சொன்னால், என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

ஜவாஹிர்